லீவு விட்டால் யார் ஒளிவது

நவம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சௌக்கியம். நீயும் என் பெண் சுண்டெலியும் எப்படி இருக்கிறீர்கள்? அவளுக்கு இருமல் நின்றதா? நின்றது என்று நீ எழுதினாலும், பக்கத்து வீட்டுத் தையல்காரக்காவிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகுதான் நம்புவேன்.

இந்தத் தீவு போன சீசனில் பார்த்தது போலவே இருக்கிறது. காற்று, மீன் வாடை, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் மீன் வாடை. டின் அடைக்கிற வரிசையில் எனக்குக் கடைசி மேசை. மூடி போட்டு வருகிற ஒவ்வொரு டின்னையும் சின்ன மரக்குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும். நன்றாக மூடியது கணீரென்று கேட்கும். காற்றுப் புகுந்தது மொத்தென்று கேட்கும், அதைத் தள்ளி வைக்க வேண்டும். படுத்த பிறகும் காதுக்குள் யாரோ தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். படகு வாரத்துக்கு ஒரு தரம். போன் ஒன்றே ஒன்று, மேனேஜர் மேசையில். அதைத் தொட வேண்டுமானால் யாராவது செத்திருக்க வேண்டும். அதனால் கடிதம்தான் நமக்கு.

ஜனவரி நடுவில் சீசன் முடியும். கடைசிவரை நின்றால் நம் ஊர் பாக்டரியிலேயே நிரந்தர வேலை என்று சொல்லியிருக்கிறார்கள். நடுவில் கிளம்பினால் எல்லாம் போச்சு. அதனால் அதுவரை நீ ஓர் இடத்தில் உட்கார்ந்திரு. உன் காலில் சக்கரம் கட்டியிருப்பது எனக்குத் தெரியாததல்ல. அதைக் கழற்றிப் பரண்மேல் போடு. பெற்ற அப்பன் முகமே தெரியாத பிள்ளை. நான் இல்லாத வீட்டில் அவளுக்கு எல்லாம் நீதான்.

டிசம்பரில் லீவு விட்டுவிடுவார்கள். லீவில் அவளுக்கென்று சில வழக்கங்கள் உண்டு. சாப்பாட்டு மேசைமேல் போர்வையைப் போட்டுக் கூடாரம். பேப்பர் தொப்பி. ஒரு நாள் முழுக்கச் சட்டையைப் பின்பக்கம் முன்னால் வரப் போட்டுக்கொள்வது. தொப்பி மடிக்கத் தெரியாவிட்டால் அவளையே கேள், திட்டிக்கொண்டே சொல்லித் தருவாள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அக்கா

நவம்பர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் குத்துக்கல் மாதிரி இருக்கிறோம். இருமல் நின்றுவிட்டது. சாட்சிக்குத் தையல்காரக்கா தயார். நான் வேலைக்குப் போகிற நேரம் சுண்டெலி அங்கேதான் இருக்கிறாள், வெட்டுத்துணியில் பொம்மைக்கு வால் தைக்கிறாள்.

லிஃப்ட் ரிப்பேர் என்றதும் ஏறலாம் இறங்கலாம் என்று ஆசைப்பட்டுச் சேர்ந்தேன். ஏறி இறங்குகிறவர்கள் ஜனங்கள். நான் நாள் முழுக்கக் கீழே குழிக்குள் கிரீஸ் அப்பிக்கொண்டு நிற்கிறேன். எப்போதாவது உச்சி மாடிக்குப் போனால் அங்கிருந்தும் அதே தெரு, அதே பெட்டிக்கடை. சில நாள் மூச்சு முட்டுகிறது அக்கா. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

போகட்டும். நேற்று உன் பெண், "மாமா, நீ தலை சீவலன்னா நான் உன்கூட ரோட்டுல வர மாட்டேன்" என்றாள். அவளே சீவியும் விட்டாள். நடு வகிடோடு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், சூப்பர்வைசர் என்னைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார்.

லீவுக்கு ஒரு யோசனை வைத்திருக்கிறேன். அப்பா விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? லீவு விட்ட முதல் நாள், நாம் எழுந்திருக்குமுன் அவர் வீட்டுக்குள் எங்கேயோ ஒளிந்திருப்பார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சாக்பீஸ் அம்பு. அதைப் பிடித்துப் போனால் மூன்று தரம் ஏமாற்றிவிட்டு அப்புறம்தான் ஆள் அகப்படுவார். கண்டுபிடித்தவர் அன்றைக்கு வீட்டு மேனேஜர், அவர் சொன்னதை எல்லாரும் செய்ய வேண்டும். கடைசி லீவு முடிந்ததும் வெளியூர் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை, சரி. ஆனால் இந்த விளையாட்டைக் கொடுத்துவிட்டுத்தானே போனார். சுண்டெலிக்கு அதைக் காட்டப்போகிறேன்.

வேறு விசேஷம் இல்லை. துறைமுகத்தில் பழைய சிநேகிதனைப் பார்த்தேன். சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன் இடம் ஒன்று காலியாம். சும்மா சொன்னேன்.

குளிரில் கையைப் பார்த்துக்கொள்.

தம்பி

டிசம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

குளிரில் விரல் வெடித்திருக்கிறது, மற்றபடி குறையில்லை. உன் நடு வகிட்டை எங்கள் மேசைக்காரிகளுக்குச் சொன்னேன், ஒருத்தி சிரித்த சிரிப்பில் டின்னைக் கீழே போட்டுவிட்டாள்.

அந்த விளையாட்டு மட்டும் வேண்டாம். கூடாரம் போடு, தொப்பி போடு, தலைகீழாக நின்று வேண்டுமானாலும் காட்டு. அது வேண்டாம். ஏன் என்று கேட்காதே.

அப்புறம் அந்தக் கப்பல். நீ சும்மா சொன்னேன் என்றால் பாதிப் பெட்டி கட்டியாயிற்று என்று அர்த்தம். லாரி கம்பெனிக்குப் போனபோதும் சும்மாதான் சொன்னாய். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் நீ. ஜனவரி வரை பொறுத்துக்கொள்ளடா. அப்புறம் கப்பலோ ராக்கெட்டோ ஏறு, நானே வந்து வழியனுப்புகிறேன்.

அவள் ராத்திரியில் போர்வையை உதைத்துத் தள்ளுவாள். பார்த்துப் போர்த்திவிடு.

அக்கா

டிசம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், இரண்டு பேரும் நலம். உன் கடிதம் கைக்கு வருமுன்பே லீவு தொடங்கிவிட்டது, விளையாட்டும் தொடங்கிவிட்டது. திட்டுவதானால் படகைத் திட்டு.

முதல் நாள் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மடங்கி உட்கார்ந்தேன். இடுப்பு போயே போய்விட்டது. உன் பெண் எழுந்தாள், அம்பைப் பார்த்தாள். கத்துவாள், ஓடுவாள் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. போலீஸ்காரர் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறை அறையாகப் போனாள். குடைக்குப் பக்கத்தில் நின்று, "இது பொய் அம்பு" என்று அவளுக்கே சொல்லிக்கொண்டாள். கடைசியில் குனிந்து என் முகத்தைப் பார்த்து, "உன் கால் வெளிய தெரியுது மாமா. அடுத்த தடவ நல்லா ஒளி" என்றாள்.

அன்றைக்கு மேனேஜர் உத்தரவு: யாரும் நாற்காலியில் உட்காரக் கூடாது. தையல்காரக்கா சாயங்காலம்வரை மிஷினை நின்றுகொண்டே மிதித்தாள். ராத்திரி சாப்பாடு மேசைக்கு அடியில், கூடாரத்துக்குள், தொப்பியோடு. இப்போது தினமும் காலையில் அம்பு கேட்கிறாள். இவ்வளவு சந்தோஷமான விளையாட்டை ஏன் வேண்டாம் என்றாய்?

கப்பல் ஆபீசில் மாதக் கடைசியில் வந்து கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். பதறாதே. கப்பல் கிளம்புவது ஜனவரி கடைசியில், நீ வந்த பிறகு. பார்த்தாயா, எவ்வளவு பொறுப்பான தம்பி.

தம்பி

டிசம்பர் 20

தம்பிக்கு,

நலம். அவளும் நலமாக இருக்கட்டும்.

கப்பல் உன் இஷ்டம். நான் வந்த பிறகு என்றால் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. ஆரம்பித்த விளையாட்டை இப்போது நிறுத்தினாலும் அழுவாள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ ஒளிந்திருக்கிற நேரத்தில் வாசலைத் தாண்டாதே. பால் வாங்கக்கூட, ஒரு நிமிஷம்கூடத் தாண்டாதே. சரி என்று எழுதிப் போடு. உன் கடிதம் வரும்வரை எனக்கு இங்கே இருப்புக்கொள்ளாது.

அக்கா

டிசம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ நலம்தானே? விரலுக்கு எண்ணெய் தடவுகிறாயா?

இங்கே ஒரே மழை. ஆறாம் மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒரு வக்கீல். வெளியே எடுக்கும்வரை கேஸ் போடுவேன் கேஸ் போடுவேன் என்று கத்தினார். எடுத்ததும், பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு ஓடினார். கட்டடமே சிரித்தது.

சுண்டெலி நன்றாகச் சாப்பிடுகிறாள். பேச்சு மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வளர்கிற வயசு. விளையாட்டை நிறுத்திவிட்டோம். நீதான் வேண்டாம் என்றாயே.

மழையால் தபால் தாமதமாகலாம்.

தம்பி

டிசம்பர் 29

அன்புத் தங்கச்சிக்கு,

தையல்காரக்கா எழுதுகிறேன். ஊசி பிடித்த கை, பேனாவுக்கு மசிய மாட்டேன் என்கிறது. எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிள்ளை நன்றாக இருக்கிறாள். அதைப் படித்து மூச்சு விட்டுக்கொண்டு மீதியைப் படி. உன் தம்பி எழுதியிருக்க மாட்டான்.

மூன்று நாள் முன்னால் அவன் கப்பல் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டிய நாள். என்னிடம் ஒரு குரல் கொடுத்திருந்தால் நான் பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பேன். அவள் அம்பு வேண்டும் என்று அடம் பிடித்திருக்கிறாள். இவர் பெரிய புத்திசாலி. வீடு முழுக்க அம்பு போட்டுவிட்டு, அவள் தேடி முடிப்பதற்குள் ஓடிப்போய் வந்துவிடலாம் என்று கதவை வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டான். அங்கே போனால் நீளமான வரிசையாம். மத்தியானம் தாண்டிவிட்டது.

நான் ஒரு சட்டைக்கு அளவு கேட்க வந்தேன். பூட்டு தொங்குகிறது, உள்ளே ஏதோ நகர்கிற சத்தம். என்னிடம் நீ கொடுத்த சாவி இருந்ததால் பிழைத்தோம். உள்ளே போனால் எல்லாக் கதவும் திறந்து கிடக்கிறது, அரிசி டின் மூடிகூட. பிள்ளையைக் காணோம். பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே அறை அறையாகத் தேடினேன். கடைசியில் துணி பீரோவில், உன் துணிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள். உடுப்பு நனைந்திருந்தது. "ஏன் கண்ணு, இவ்ளோ நேரம் கூப்பிட்டேனே" என்றேன். "மாமா எங்கயுமே இல்ல. நான் ஒளிஞ்சுக்கிட்டா மாமா தேட வருவாருல்ல" என்றாள்.

உன் தம்பி வந்தான். அவளைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் திட்டின திட்டை எழுதினால் தபால்காரர் இந்தக் கடிதத்தைத் தொட மாட்டார். அன்றிலிருந்து அவன் குளிக்கப் போனாலும் பிள்ளை கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, "இருக்கியா மாமா, இருக்கியா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

கிளம்பி வந்துவிடாதே அம்மா. இவ்வளவு நாள் நின்றுவிட்டாய். நான் இருக்கிறேன்.

தையல்காரக்கா

ஜனவரி 5

தம்பிக்கு,

தையல்காரக்கா எழுதிவிட்டாள். பையைக் கட்டினேன், அவிழ்த்தேன், மறுபடி கட்டினேன். படகு கிளம்பப்போகிறது, அதில் நான் ஏறவில்லை, இந்தக் கடிதத்தை மட்டும் கொடுத்துவிடுகிறேன். ஏறாமல் நின்றதற்கு என்னையே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. இன்று என் காதுக்கு எல்லா டின்னும் ஒரே மாதிரி கேட்கிறது.

ஏன் வேண்டாம் என்றேன் என்று கேட்டாயே. கேள்.

அப்பா அந்த லீவு முடிந்து போகவில்லை. லீவு விட்ட முதல் நாளே போய்விட்டார். நான் எழுந்தபோது கட்டில் பக்கத்தில் அம்பு இல்லை. வாசலில் அவர் செருப்பும் இல்லை. அம்மா சமையலறையில் அடுப்புப் பற்றவைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். "அப்பா போயிட்டாரு. சின்னவன்கிட்ட இப்ப சொல்லாத" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்குப் பதினோரு வயசு. நீ கண்ணைக் கசக்கிக்கொண்டே, "அக்கா, அம்பு எங்க" என்று வந்தாய்.

சாக்பீஸை எடுத்து நான் போட்டேன். அன்றைக்கும் போட்டேன், மறுநாளும் போட்டேன், லீவு முடிகிறவரை போட்டேன். இன்னிக்கு அப்பா ரொம்ப நல்லா ஒளிஞ்சிருக்காரு, ஆள் கிடைக்கலன்னா வீட்டுல சின்னவன்தான் மேனேஜர் என்று நானே ஒரு சட்டம் போட்டேன். நீ குதித்தாய். நீ தூங்கின பிறகு நானும் தேடினேன். ஒருவேளை அம்மா சொன்னது பொய்யாக இருந்து, அவர் நிஜமாகவே எங்கேயாவது ஒளிந்திருந்தால் என்று. பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் வெளியூர் வேலை என்று உன்னிடம் சொன்னோம்.

அவர் போனதுகூட எனக்கு ஆறிவிட்டது. சொல்லாமல் போனதுதான் இன்னும் ஆறவில்லை. நீ அவரைப் போல இல்லை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கெடுத்துவிடாதே.

அவளைத் தனியே விடாதே. உடனே எழுது.

அக்கா

ஜனவரி 13

அன்புள்ள தம்பிக்கு,

படகு வந்தது, உன் கடிதம் வரவில்லை. தையல்காரக்காவிடமிருந்தும் ஒன்றும் இல்லை. மழையால்தானே? அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டேன் என்று தோன்றுகிறது. கோபத்தில் கப்பல் ஆபீசுக்குப் போய், முன்னாலேயே கிளம்புகிற வேறு கப்பல் ஏதாவது கேட்டுவிட்டாயா? உன்னைப் பற்றி அப்படி நினைக்கிறேனே என்று வெட்கமாகவும் இருக்கிறது, நினைக்காமலும் இருக்க முடியவில்லை. நேற்று மேனேஜரிடம் போய்ப் போன் கேட்டேன். யார் செத்தார்கள் என்றார். யாரும் இல்லை என்று திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த படகில் எங்களை அனுப்பிவிடுவார்கள். நான் வருகிறபோது வீட்டில் இருடா.

அக்கா

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் நானும் சுகமாக இருப்போம் என்று முதலில் எழுதிவிடுகிறேன். உன் கடிதம் வந்ததிலிருந்து எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அதனால் ஒரு படகு தவறிவிட்டது.

அந்த லீவு முழுக்க நான்தான் மேனேஜர். என் வாழ்க்கையிலேயே நல்ல லீவு அதுதான் என்று போன மாதம்கூட லிஃப்ட் ஆபீசில் ஒருவனிடம் பெருமையடித்தேன். அப்பா என்றாலே எனக்கு அந்த நாட்கள்தான். அது நீயா அக்கா? அவர்மேல் எனக்கு இருந்த பாசத்தையெல்லாம் இப்போது யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியவில்லை. உன்னிடம்தான் கொடுக்க வேண்டும் போல.

பூட்டிவிட்டுப் போனது நான்தான். கையெழுத்து என்றதும் கால் நிற்கவில்லை. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன்னிடம் மறைத்ததற்குக் காரணம், நீ பாதியில் ஓடிவந்து வேலையை விட்டுவிடுவாயே என்ற பயம். பாதிக் காரணம் அது. மீதி, பயந்தாங்கொள்ளித்தனம்.

கப்பலுக்குப் போகத்தான் போகிறேன். போகாமல் இங்கேயே இருந்தால் ஒரு நாள் சொல்லாமல் கிளம்பிவிடுவேனோ என்று என்மேலேயே எனக்குச் சந்தேகம். அதனால் சுண்டெலியை எதிரே உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன்.

"லீவு முடிஞ்சதும் மாமா கப்பலுக்குப் போறேன்."

"ஒளியறதுக்கா?"

"இல்ல. ஒளியல. போறேன்."

"வீட்டுல தேடினா கிடைக்க மாட்டியா?"

"கிடைக்க மாட்டேன்."

முழங்காலில் ஓர் உதை விட்டாள். தையல்காரக்கா வீட்டுக்குப் போய் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள். சாப்பாட்டு வேளைக்குத் திரும்பி வந்து, "எப்ப வருவ?" என்றாள். அடுத்த லீவுக்கு என்றேன். "சரி, போய்க் காட்டு" என்றாள்.

அவள் கண்டுபிடித்த விளையாட்டு இதுதான். தினமும் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "போயிட்டு வரேன்" என்று நான் சொல்ல வேண்டும். "சரி, போயிட்டு வா" என்று அவள் சொல்வாள். தெருமுனைவரை நடந்து திரும்ப வேண்டும், அவள் தையல்காரக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். முதல் நாள் நாலு அடி வைப்பதற்குள் ஓடிவந்து சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நேற்று தெருமுனைவரை விட்டாள். இன்று பெட்டிக்கடையைத் தாண்டி ஆள் மறைகிறவரை விட்டாள். பெட்டி காலியாக இருந்தால் கண்டுபிடித்துவிடுகிறாள், கருவிகளைப் போட்டுத்தான் தூக்க வேண்டியிருக்கிறது. தெருவில் எனக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நீ வா. நீ வந்து அவளைத் தூக்கின பிறகுதான் கிளம்புவேன். இதை எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன், இந்த லீவில் நான் போட்ட இரண்டாவது கையெழுத்து.

தம்பி

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

கப்பல் கம்பெனி விலாசத்துக்கு எழுதுகிறேன், எந்தத் துறைமுகத்தில் உன் கைக்கு வருமோ. தலைசுற்றல் நின்றதா? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? இங்கே எல்லாரும் நலம். பாக்டரியில் சேர்ந்துவிட்டேன். உட்கார நாற்காலி கொடுத்திருக்கிறார்கள், எனக்குத்தான் உட்காரத் தெரியவில்லை.

நீ போன அன்று எப்படி இருந்தது என்று கேட்டிருந்தாய். நீ திரும்பிப் பார்க்காமல் போனது நல்லது. அவள் வாசலில் நின்று சத்தமாக, "சரி, போயிட்டு வா" என்று சொன்னது உனக்குக் கேட்டிருக்கும். நீ கடையைத் தாண்டி மறைந்த பிறகும் நின்றாள். திரும்பி வருகிற நேரம் தாண்டிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்போது அழுதாள். நன்றாக வாய்விட்டு அழுதாள், என் தோள் நனைந்துவிட்டது. அப்புறம் பசிக்கிறது என்றாள்.

மறுநாள் காலையில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தாள். பல் தேய்த்தாள். பால் குடித்துவிட்டு, "மாமா இந்நேரம் கப்பல் ஏறியிருப்பாரா?" என்றாள். ஏறியிருப்பார் என்றேன். பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டாள். எந்தக் கதவையும் திறக்கவில்லை தம்பி. கட்டிலுக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். வீடு சத்தமில்லாமல் இருந்தது. எனக்கு என்ன வந்ததோ, சமையலறைக் கதவை விலக்கி அதன் பின்னால் ஒரு தரம் பார்த்தேன். இந்த வயசில். திரும்பினால் சுண்டெலி நிற்கிறாள்.

"அங்க யாரும் இல்லம்மா" என்றாள். "மாமா என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு." என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா